வானம் தெளிந்திருந்தும் கடல் பொங்குவதேன்? – கடலூர்க் கரையில் அலை முன்னறிவிப்பின் வரலாறு

கடலூர் நகருக்குக் கிழக்கே, கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் பகுதியை ஒட்டி அமைந்திருக்கிறது தேவனாம்பட்டினம். வெள்ளிக் கடற்கரை என்று பெயர் பெற்ற இதன் மணற்பரப்பில் விடுமுறை நாட்களில் கூட்டம் நிரம்பி வழியும். பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம் போன்ற ஊர்களிலிருந்து வருவோரில் கடலை அன்றுதான் முதன்முதலாகக் காணும் சிறுவர்களும் இருப்பர். நீரில் இறங்கும் முன் அவர்கள் என்ன செய்கிறார்கள்? வானத்தைப் பார்க்கிறார்கள். மேகம் இல்லை, காற்று இல்லை என்றால் கடலும் அமைதியாகத்தான் இருக்கும் என்று நம்பி இறங்கிவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கை சில நாட்களில் பலிக்கும். சில நாட்களில் உயிரையே பறித்துவிடும். கரைக்கு வரும் அலை அந்தக் கரையில் பிறந்ததாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், நாம் கண்டிராத ஒரு காற்று அதை உண்டாக்கியிருக்கலாம். இந்த உண்மையை மனிதன் எளிதில் கற்றுக்கொண்டுவிடவில்லை. அவன் கற்ற வரலாற்றின் ஒரு முக்கியமான பகுதி நம் கடலூர்க் கரையிலேயே நிகழ்ந்தது.

1749ஆம் ஆண்டின் ஏப்ரல் இரவு

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1690இல் மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி, அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றவே, இக்கோட்டை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக ஆயிற்று. கடற்படைத் தளபதி பாஸ்கவன் 1748இல் பெருங்கப்பற்படையுடன் வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். முற்றுகை தோல்வியில் முடிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவருடைய கப்பல்கள் சில கடலூருக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரமிட்டிருந்தன.

அந்நாளில் இக்கரையில் செயற்கைத் துறைமுகம் எதுவும் கிடையாது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து விலகி ஆழமான நீரில் நிற்கும். ஏப்ரல் என்பது மாலுமிகள் அஞ்சும் மாதமன்று. ஆயினும் அம்மாதத்தின் நடுவில் ஒரு கடும்புயல் வீசியது. பாஸ்கவனின் தலைமைக் கப்பலான நாமூர் மூழ்கியது. அதிலிருந்த 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெம்புரோக் என்னும் போர்க்கப்பல் கொள்ளிட முகத்துவாரத்தை அடுத்த பகுதியில் சிதைந்தது. அதில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போலோ என்னும் மருத்துவக் கப்பலும் அழிந்தது. பாஸ்கவன் அவ்வேளையில் கரையில் இருந்ததால் உயிர் தப்பினார்.

நிலத்திலும் புயல் தன் வேலையைக் காட்டியது. தஞ்சை அரசுக்குரிய தேவிக்கோட்டையை நோக்கி ஆங்கிலப் படையொன்று கடலூரிலிருந்து தெற்கே சென்றுகொண்டிருந்தது. அதன் கூடாரங்கள் கந்தலாயின. வண்டி இழுத்த மாடுகள் பல மாண்டன. சேதங்களைச் சரிசெய்வதற்காகப் படை பரங்கிப்பேட்டையில் தங்க நேர்ந்தது.

அத்தனை கப்பல்களில் அத்தனை அனுபவசாலிகள் இருந்தும் ஏன் ஒருவராலும் முன்கூட்டி அறிய முடியவில்லை? அவர்களிடம் இருந்த ஒரே முன்னறிவிப்புக் கருவி நாட்காட்டிதான்!

நாட்காட்டியும் கொடியும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக் காற்றோடு புயல் வரும் என்பது இக்கரையில் எல்லோரும் அறிந்த செய்தி. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களை அடுத்த மாதமே புயல் சிதறடித்தது. இத்தகைய அனுபவங்களால் ஒரு வழக்கம் ஏற்பட்டது. அக்டோபர் 15ஆம் நாள் சென்னைக் கோட்டையின் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 15ஆம் நாள்தான் மீண்டும் ஏற்றுவார்கள். இடைப்பட்ட இரு மாதங்களில் கப்பல்கள் இக்கரையில் நிற்கலாகாது என்பது அதன் பொருள்.

வழக்கம் நல்லதுதான். ஆனால் வங்காள விரிகுடாவில் புயல் தோன்றும் பருவங்கள் இரண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ளது ஒன்று. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னதாக ஏப்ரல், மே மாதங்களை ஒட்டியது மற்றொன்று. இரண்டாம் பருவத்துப் புயல்களில் பெரும்பாலானவை வடக்கு நோக்கியே போய்விடும். தமிழகக் கரையை எப்போதோ ஒருமுறைதான் தாக்கும். அந்த ‘எப்போதோ ஒருமுறை’ 1749இல் வந்தது. நாட்காட்டி சராசரியைச் சொல்லுமேயன்றி நாளையைச் சொல்லாது.

கரையோர அலையைப் பற்றிய அறிவிப்பும் அக்காலத்தில் இருந்தது. கப்பலிலிருந்து ஆட்களையும் பொருள்களையும் கரை சேர்ப்பதற்கு மசூலாப் படகுகளே உதவின. பலகைகளை ஆணி அடித்து இணைக்காமல், தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் இவை. அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். கப்பலின் சொந்தப் படகுகளோ அலை உடையும் இடத்தில் கவிழ்ந்து நொறுங்கிவிடும். ஆகவே அலை மிகுந்த நாட்களில் சென்னைக் கடற்கரை அலுவலகத்தில் ஒரு கொடியை உயர்த்தி, ‘இன்று கரைக்கு வர முயல வேண்டாம்’ என்று கப்பல்களுக்குத் தெரிவித்தனர். அலையை மட்டுமே பொருளாகக் கொண்ட எச்சரிக்கை அது. ஆனால் அது அப்போது கண்ணுக்குத் தெரிந்த அலையைப் பற்றியது. அடுத்த நாளைப் பற்றி அக்கொடியால் ஒன்றும் கூற இயலவில்லை.

சுழலும் காற்று

புயல் என்பது நேர்கோட்டில் வீசும் பெருங்காற்று என்றே வெகுகாலம் எண்ணினர். கம்பெனியின் படை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் கேப்பர் என்பார், சோழமண்டலக் கரையில் வீசிய புயல்களின் குறிப்புகளை ஆராய்ந்து 1801இல் ஒரு நூல் வெளியிட்டார். இப்புயல்கள் பெருஞ்சுழல்கள் என்றும், அவற்றின் விட்டம் 120 மைலுக்கு மேற்படாது என்றும் அவர் கருதினார். அளவைப் பற்றிய அவர் கருத்து பின்னர் திருத்தம் பெற்றது. ஆனால் சுழற்சி என்னும் அடிப்படை உண்மையைக் கண்டோரில் அவரும் ஒருவர். நம் கரையின் காற்றே அவருக்குச் சான்று அளித்தது.

பின்னர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், நூற்றுக்கணக்கான கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி வங்கக் கடற்புயல்களை ஆராய்ந்தார். பாம்பு சுருண்டிருப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரை உருவாக்கி, 1848இல் மாலுமிகளுக்கென எழுதிய நூலில் வெளியிட்டவர் இவரே.

நமது வட அரைக்கோளத்தில் புயற்காற்று கடிகார முள்ளின் திசைக்கு எதிராகச் சுழலும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் நடுப்பகுதி ஏறக்குறைய இடக்கைப் பக்கம் இருக்கும். பாரமானியில் பாதரசம் இறங்குவதையும் காற்றின் திசையையும் சேர்த்துப் பார்த்து, புயல் எங்கே இருக்கிறது என்று மாலுமி ஊகிக்கலாம். நாமூர் கப்பலில் இருந்தவர்களுக்கு இந்த எளிய விதி கிடைத்திருக்கவில்லை.

ஆனால் ஓரிடத்தில் அறிந்ததை இன்னோரிடத்துக்குப் புயலைவிட வேகமாகச் சொல்ல வேண்டுமே! அதற்குத் தந்தி வர வேண்டியிருந்தது. 1864 அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலும் அதனோடு எழுந்த கடல் நீரும் பல்லாயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தன. மறு ஆண்டே அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டது. 1898இல் இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் ஒரே வகையான எச்சரிக்கைக் குறியீடுகள் நடைமுறைக்கு வந்தன.

கூண்டின் எண் சொல்வது என்ன?

‘கடலூர் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்ற செய்தியை ஒவ்வோர் ஆண்டும் நாளிதழ்களில் படிக்கிறோம். பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் துறைமுகக் கம்பத்தில் ஏறும். எண் கூடக்கூடப் புயல் படிப்படியாக வலுக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். இது முழு உண்மையன்று.

1, 2 ஆகிய எண்கள் தொலைவில், கடலின் உட்பகுதியில் புயற்சின்னமோ புயலோ இருப்பதைக் கூறுபவை. 3, 4 ஆகியவை துறைமுகத்திலேயே மோசமான வானிலையை எதிர்பார்க்கலாம் என்பவை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயத்தைக் குறிப்பவை. வேறுபாடு திசையில்தான் இருக்கிறது. துறைமுகம் புயற்பாதையின் இடப்பக்கம் அமையுமாயின் 5. வலப்பக்கம் அமையுமாயின் 6. புயல் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்குமாயின் 7. கடும்புயலாக இருந்தால் அதே மூன்று திசைகளுக்கும் 8, 9, 10 என்ற எண்கள் வரும். 11 என்பது வானிலை நிலையத்தோடு தொடர்பு அற்றுவிட்டது என்பதற்கான குறி.

இடம், வலம் என்பதில் இத்தனை அக்கறை ஏன்? கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலின் வலப்பக்கம், அதாவது வடபுறத்தில், காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். அது கடல்நீரைக் கரைமேல் தள்ளும். இடப்பக்கமாகிய தென்புறத்திலோ காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். எனவே ஒரே புயல் அருகருகே உள்ள இரு ஊர்களுக்கு இருவேறு கடல்களைக் காட்டும்.

2011 டிசம்பர் 30ஆம் நாள் காலை ‘தானே’ புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தபோது, காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. பண்ருட்டிப் பகுதியின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் ஒரே காலையில் வீழ்ந்தன. மரம் வளர்த்தவர்கள் இழந்தது ஒரு பருவ விளைச்சலை மட்டுமன்று. பல ஆண்டு உழைப்பை. எனினும் புயல் வருகிறது என்பது முன்னரே தெரிந்திருந்தது. மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை. 1749க்கும் 2011க்கும் இடையே அறிவியல் ஈட்டிய வெற்றி இதுதான்.

காற்றில்லாமல் வரும் அலை

கூண்டு புயலைத்தான் அறிவிக்கும். கூண்டே ஏறாத நாளில் எழும் பேரலையை யார் அறிவிப்பது?

காற்று கடல்மீது வீசும்போது அலைகள் உண்டாகின்றன. காற்றின் வேகம், அது வீசும் நேரம், அது வீசும் நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் அலையின் அளவை முடிவு செய்கின்றன. காற்று வீசும் இடத்தில் அலைகள் ஒழுங்கின்றிக் குழம்பிக் கிடக்கும். அங்கிருந்து விலகி வெளியே வந்ததும் அவை ஒழுங்கான நீண்ட வரிசைகளாகப் பிரிந்து பயணம் செய்கின்றன. இவற்றை நீள் அலைகள் என்று குறிப்போம்.

ஓர் அலை முகடு கடந்த பின் அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரமே அலைவு நேரம். உள்ளூர்க் காற்றில் பிறக்கும் அலைக்கு இது 5, 6 விநாடிகளாக இருக்கலாம். தொலைவிலிருந்து வரும் நீள் அலைக்கு 15 விநாடியும் அதற்கு மேலும் ஆகலாம். ஆழ்கடலில் அலைவு நேரம் கூடக்கூட அலையின் வேகமும் கூடும். 15 விநாடி அலைகளின் கூட்டம் மணிக்குச் சுமார் 42 கிலோமீட்டர் வீதம் செல்லும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். 12 விநாடி அலைகள் நாளொன்றுக்கு 800 கிலோமீட்டரே கடக்கும். ஆகவே தொலைதூரப் புயலிலிருந்து நீண்ட அலைகளே முதலில் வந்து சேர்கின்றன. புயலின் தூதுவர்கள் என்று இவற்றைக் கூறலாம்.

இந்துமாக்கடலின் தென்கோடியில், 45 பாகை தென் அட்சரேகையை ஒட்டி, பெரும்புயல்கள் அடிக்கடி தோன்றும். அங்கிருந்து தமிழகக் கரை 6,000 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே பிறந்த அலை ஆறேழு நாட்கள் பயணம் செய்து நம்மை அடைகிறது. அது கரை சேரும் வேளையில் இங்கே வானம் தெளிந்து, இலைகூட அசையாமல் இருக்கலாம். கடலூர்க் கரைக்கு இலங்கைத் தீவு ஓரளவு மறைப்பாக இருக்கிறது. ஆனாலும் அலைகள் தீவைச் சுற்றி வளைந்து வடக்கே வரவல்லவை.

அலையை முன்கூட்டிக் கணக்கிடும் கலை இரண்டாம் உலகப் போரின்போது வளர்ந்தது. ஹரால்டு ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் ஆகிய இரு அறிஞர்கள் படைகள் கரையிறங்குவதற்கு உதவியாக இம்முறையை உருவாக்கினர். 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது அலைக் கணிப்பு பயன்பட்டது. போர் முடிந்த பிறகு மங்க்கும் அவர் குழுவினரும், 1963இல் தென்கடற் புயல்களின் அலைகளைப் பசிபிக்கின் குறுக்கே அலாஸ்கா வரை 10,000 கிலோமீட்டருக்கும் மேலாகத் தொடர்ந்து அளந்து காட்டினர்.

இந்தியாவில் இப்பணியைச் செய்வது, 1999இல் ஐதராபாத்தில் அமைந்த இந்தியக் கடல்சார் தகவல் மையம். கடலில் மிதக்கும் அலைமானிகளும் செயற்கைக் கோள்களும் தரும் அளவுகளைக் கணிப்பொறியில் இட்டு, வரும் நாட்களின் அலை உயரத்தையும் அலைவு நேரத்தையும் திசையையும் அது கணித்து வெளியிடுகிறது. புதுச்சேரிக்கு அருகிலும் இத்தகைய அலைமானி ஒன்று மிதக்கவிடப்பட்டது.

இங்கே ஒன்றை வேறுபடுத்தி அறிய வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்ற சுனாமி, காற்றால் உண்டானதன்று; கடலடி நிலநடுக்கத்தால் உண்டானது. அலைக் கணிப்பு அதைச் சொல்லாது. அதற்கென 2007இல் அதே மையத்தில் தனி எச்சரிக்கைப் பிரிவு தொடங்கப்பட்டது. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் சதுப்புநிலக் காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்திருந்ததை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் 2005இல் எடுத்துக்காட்டினர். காட்டோடு, ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவும் காரணம் என்று வேறு சில அறிஞர்கள் வாதிட்டனர். வரும் அலை ஒன்றாயினும், அது செய்யும் விளைவைக் கரையின் அமைப்பும் தீர்மானிக்கிறது என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

கள்ளக்கடல்

காற்றோ மழையோ இன்றித் திடீரெனக் கடல் பொங்கிக் கரையேறுவதைக் கேரள மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்பர். கள்ளனைப் போல் ஓசையின்றி வருவதால் இப்பெயர். இச்சொல்லை 2012இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. மீனவர் சொல் அறிவியற் சொல்லாக உயர்ந்தது நமக்குப் பெருமையே.

2024 மே மாதத் தொடக்கத்தில் தென்கடலிலிருந்து நீள் அலைகள் வருவதைக் கணித்து, கேரள, தமிழகக் கரைகளுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டது. மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவரை அலை இழுத்துச் சென்றது, ஐவரும் இறந்தனர். 1749இல் அறிவிப்பு இல்லாமையால் மாலுமிகள் இறந்தனர். 2024இலோ அறிவிப்பு இருந்தது. கடலில் கால் நனைப்பவரிடம் அது போய்ச் சேரவில்லை. எச்சரிக்கை முறைகள் முதலில் கப்பலுக்காகவும், பிறகு துறைமுகத்துக்காகவும், அதன் பிறகு மீனவர்களுக்காகவும் வளர்ந்தன. கரையில் குளிக்க வருபவன் இவ்வரிசையில் கடைசியாகத்தான் நிற்கிறான்.

ஆகவே அவன் தானே சிலவற்றை அறிந்திருப்பது நன்று. அறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. உயரம் இரு மடங்கானால் அலையின் ஆற்றல் நான்கு மடங்காகும். ஒரே உயரமுள்ள இரு அலைகளில் 15 விநாடி அலை 6 விநாடி அலையைவிடக் கரையில் அதிகம் எழும்பி, வெகுதூரம் மணலில் ஏறும். முகடுகளுக்கிடையே இடைவெளி நீண்டிருப்பதால், கடல் ஓய்ந்துவிட்டது போன்ற மயக்கமும் ஏற்படும்.

ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர அலை, 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். அது சிறுவனுக்குக் கழுத்தளவு நீர். உடைந்து கரையேறிய நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது மணல் திட்டுகளின் இடையேயுள்ள பள்ளத்தின் வழியே ஒடுங்கிய ஓட்டமாகக் கடலுக்குள் விரையும். அப்பள்ளத்தில் அலை உடைவது குறைவு, நுரையும் குறைவு. பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அதுவே குளிக்க ஏற்ற அமைதியான இடமாகத் தோன்றும்! அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் ஓட்டத்திலிருந்து விடுபடலாம். ஆற்று முகத்துவாரத்தருகே இறங்காதிருப்பதும், இறங்கும் முன் பத்து நிமிடம் கரையில் நின்று அலைகளை எண்ணிப் பார்ப்பதும், அவ்வூர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் செலவில்லாத பாதுகாப்புகள்.

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இடித்துத் தள்ளினார். அக்கோட்டைக்கு எதிரே நாமூர் மூழ்கிய அதே கடலில்தான் இன்று நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அடுத்த முறை அங்கே போகும்போது, வானத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் அன்றைய அலை அறிவிப்பையும் படித்துவிட்டு இறங்குவோம்.